மகாராணிக்கு முக்காடு இல்லை

அத்தியாயம் 6

துப்பறியும் ஜெயப்ரியாவுக்குத் திருடர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. திருடன் பொய் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆனால் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, சிரித்த முகத்தோடு, அவசியமே இல்லாமல் பொய் சொல்கிறவர்களை என்ன செய்வது? அன்றைக்குப் பொழுது முழுக்க அப்படிப்பட்டவர்களோடுதான் கழியப்போகிறது என்பது, சேலையூரில் அபிதகுஜாம்பாள் வீட்டு வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது அவளுக்குத் தெரியாது.

கேட்டுக்கு வெளியே காந்தா நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டில் பல வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, வீடு துடைத்தவள். நேற்றிலிருந்து அவளுக்குக் கேட்டைத் தாண்டி அனுமதி இல்லை.

"நான் எடுக்கலம்மா. நடுத்தெருவுல நிக்க வெச்சு திருடின்னு கத்தினாங்க. இந்தக் காலனில நாலு வூட்ல வேலை செய்றேன். நாலு வூட்லயும் இன்னிக்கு வராதன்னு சொல்ட்டாங்க. சாயங்காலம் போலீஸ்ல எயுதிக் குடுத்துட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுகினு இந்தத் தெருவுல நடக்கறது?"

"அழாதக்கா. அதான் மேடத்தை இட்டாந்துட்டேன்ல" என்றான் பின்சீட்டிலிருந்து இறங்கிய லோகு. ஜெயப்ரியாவின் ஒரே உதவியாளன். காந்தாவுக்குப் பக்கத்து வீடு. மேற்குத் தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் அவர்களுடைய ஆபீசுக்கு வழக்கமாக வருவது வரன் விசாரணைகள்தான்: மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு வேறு யாரோடாவது பழக்கமா. திருட்டு வழக்கு வருவதே அபூர்வம்.

காந்தா ஒரு மஞ்சப்பையை நீட்டினாள். மேலே வெற்றிலை எட்டிப் பார்த்தது. "வெறுங்கையோட ஒருத்தர்கிட்ட வேலை வாங்கக் கூடாதும்மா. நவராத்திரி முடிஞ்ச கையோட வெத்தல பாக்கு. வேணாம்னு சொல்லாத."

வேண்டாம் என்று சொல்ல ஜெயப்ரியாவால் முடியவில்லை. வாங்கி ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். உள்ளே ரவிக்கைத் துணி இருக்கும் என்பது கையில் வாங்கியதுமே தெரிந்தது. அவள் பீரோவில் அப்படித் தைக்காமல் கிடப்பவை ஒரு தட்டு நிறைய. இதையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் திறந்தாள்.

கூடத்தில் கொலுப்படியில் பாதி பொம்மைகள் பரணுக்குப் போய்விட்டன. மீதிப் பாதியைப் பார்த்து லோகு வாயைப் பிளந்தான். தசரதரின் அரசவைப் பொம்மைகளுக்குக் கோட்டும் தொப்பியும் வரைந்திருந்தது. செட்டியார் பொம்மைக்கு வெள்ளைக்காரக் கிருதா. நீல அங்கி மாட்டிய ஒரு கூட்டம் துப்பாக்கியோடு நின்றது. அந்தப் பக்கம் ஒரு ரயில்.

"பெல்ஜியம்" என்றாள் ஸ்ம்ருதி. அபிதகுஜாம்பாளின் மருமகள். புருஷனோடு பிரஸ்ஸல்ஸில் வேலை பார்ப்பவள். கொலுவுக்கென்றே லீவு போட்டு வந்திருந்தாள். இரவு அவளுக்கு விமானம். "அந்த நாடு எப்படிப் பிறந்ததுங்கறதுதான் இந்த வருஷ தீம். 1830ல ஒரு இசை நாடகம் பார்க்கப் போன கூட்டம், முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம தெருவுல இறங்கிடுச்சு. அதுலதான் டச்சு ராஜாவுக்கு எதிரா கலகம் ஆரம்பிச்சது. இந்த நீல அங்கிக்காரங்க அப்போ சண்டை போட்ட தொண்டர்கள்."

"நம்மூர்ல படம் வுட்டா பரோட்டாக் கடைக்குத்தான் போவாங்க" என்றான் லோகு.

"நாடு கிடைச்சிடுச்சு, ராஜா கிடைக்கல. பிரெஞ்சு ராஜாவோட பையனைக் கேட்டாங்க. அவர் கொடுக்க முடியாதுன்னுட்டார். அப்புறம் லியோபோல்டுன்னு ஒரு இளவரசரைப் பிடிச்சாங்க. அவர் அதுக்கு முன்னாடி கிரீஸ் நாட்டு ராஜா பதவியே வேண்டாம்னு சொன்னவர்."

ஜெயப்ரியாவுக்கு முதன்முறையாக அந்த நாட்டின் மேல் ஒரு பாசம் வந்தது. வரன் தேடி அலைகிறவர்களின் கஷ்டம் அவளுக்குத் தெரியும். "ஒரு இடத்துல கொடுக்க மாட்டேன்னாங்க. இன்னொருத்தர் ஏற்கெனவே ஒரு வரனைத் தட்டிக்கழிச்சவர். சரி, கடைசியில அமைஞ்சுதே."

"அமைஞ்சதோட இல்ல. மகனைக் கொடுக்க மாட்டேன்னு சொன்ன அதே பிரெஞ்சு ராஜா, மறு வருஷம் தன் பொண்ணை இந்த லியோபோல்டுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தார். அதோ, மகாராணி."

மரப்பாச்சி மகாராணி வெறுந்தலையோடு நின்றாள்.

அதுதான் வழக்கு. ஸ்ம்ருதி குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாள் வம்சத்தில், அந்த ராணியின் காலத்திலிருந்தே வருவதாகச் சொல்லப்படும் ஒரு லேஸ் முக்காடு. கையாலேயே பின்னியது. கொலுவில் வைத்துப் படம் எடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி நம்பிக் கொடுத்திருந்தாள். அடுத்த வாரம் அவள் மகளுக்குக் கல்யாணம். அந்த முக்காட்டைப் போட்டுக்கொண்டுதான். படம் எடுத்ததும் ஸ்ம்ருதி அதைக் கூடத்து அலமாரியில் வைத்திருந்தாள். விஜயதசமி முடிந்து பொம்மைகளை எடுத்து வைக்கும்போது பார்த்தால், முக்காடு இல்லை.

"அலமாரியைத் தினம் துடைக்கறவ அவ ஒருத்திதான்" என்றாள் அபிதகுஜாம்பாள். குரலில் தீர்ப்பு எழுதி முடித்த நிதானம். "ஸ்ம்ருதி கெஞ்சினதால சாயங்காலம் வரைக்கும் பொறுத்துண்டிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"எதுல சுத்தி வெச்சிருந்தீங்க?" என்று ஜெயப்ரியா மருமகளைக் கேட்டாள்.

"நீலக் காகிதத்துல. பழைய லேஸை அப்படித்தான் வைப்பாங்க, மஞ்சளாகாம இருக்க."

ஜெயப்ரியா அலமாரியைப் பார்த்தாள். கீழே ஒரு மூங்கில் கூடை. கூடை நிறைய நீலக் காகிதப் பொட்டலங்கள்.

"அது வேற" என்றாள் ஸ்ம்ருதி அவசரமாக. "வர்றவங்களுக்குக் கொடுக்கற ப்ளவுஸ் பிட். அந்தத் தொண்டர்களோட நீல அங்கி ஞாபகமா, எல்லாத்தையும் நான்தான் நீலக் காகிதத்துல சுத்தினேன். கடை கடையா ஏறி இறங்கி வாங்கின காகிதம்."

"முக்காட்டைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"முதல் ஞாயித்துக்கிழமை, ஜெயஸ்ரீ டீச்சர் வந்தப்போ பிரிச்சுக் காட்டினேன். திரும்ப மடிச்சு, அதே காகிதத்துல சுத்தி, கொலுப் பொட்டலம் கட்டற நூலால கட்டி அலமாரியில வெச்சேன். அப்புறம் தொடல."

"அந்த டீச்சர் கிளம்பும்போது கூடையில பொட்டலம் இருந்ததா, மாமி?"

அபிதகுஜாம்பாளின் புருவம் உயர்ந்தது. "அன்னிக்குச் சுத்தினதெல்லாம் தீர்ந்து கூடை காலி. அலமாரியில ஒண்ணு இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதுக்கென்ன இப்போ? நான் கொடுத்தது ப்ளவுஸ் பிட். லேஸுக்கும் ப்ளவுஸ் பிட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளா நான்?"

பிரித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும், மாமி. பிரிக்காமல் கொடுத்தால்? ஜெயப்ரியா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்கூட்டி கிளம்பியது.

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்தில் ஜெயஸ்ரீ டீச்சரின் வீடு. காபி வந்தது, சிரிப்பு வந்தது.

"அந்த நீலப் பொட்டலமா? தைக்கக் கொடுத்துட்டேனே. கேம்ப் ரோடு லாசரஸ்கிட்ட."

"என்ன கலர்?"

"மெரூன்." ஒரு நொடி. "பச்சைக் கரை போட்ட மெரூன்."

அப்படியானால் இந்தத் தடம் செத்தது என்று நினைத்தாள் ஜெயப்ரியா. ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். வந்த வழியே திரும்பினார்கள். தூறல் ஆரம்பித்தது. இரும்புலியூரில் ஒரு லாரி குறுக்கே நின்று ஜி.எஸ்.டி. ரோட்டையே கட்டிப்போட்டிருந்தது. ஜெயப்ரியாவின் பொறுமை ஹாரன் சத்தத்தில் கரைந்துகொண்டே வந்தது.

டெய்லர் லாசரஸ் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சிரித்தார். "நவராத்திரிப் பிட்டா? எங்கிட்டயா? யம்மா, அதையெல்லாம் யாராவது தைப்பாங்களா? அது நூத்தியஞ்சு பஸ் மாதிரி. கை மாறி ஊரைச் சுத்திக்கிட்டே இருக்கும். ஜெயஸ்ரீ டீச்சர் தீபாவளிக்குக் கடைத்துணிதான் கொடுத்திருக்காங்க."

"ஏன் பொய் சொன்னாங்க? அவங்களுக்கு என்ன லாபம்?" என்று ஜெயப்ரியா கடை வாசலிலேயே கத்திவிட்டாள்.

"மேடம், உங்களுக்கு வந்த பிட்டை நீங்க தச்சுப் போட்டீங்களா?" என்றான் லோகு.

"லோகு, வாயை மூடிக்கிட்டு வண்டியில ஏறு."

போனில் ஜெயஸ்ரீ டீச்சரின் குரல் பாதியாகிப்போயிருந்தது. ஆமாம், பிரிக்கவில்லை. ஆமாம், அப்படியே பொத்தேரி சரோஜினிக்குக் கொடுத்துவிட்டாள். "மாமிக்கு மட்டும் தெரியவேண்டாம், ப்ளீஸ். ஒருத்தர் வெச்சுக் கொடுத்ததைத் தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுத்தேன்னு தெரிஞ்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

இதற்காக ஒருத்தி ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லையா என்று கேட்க வாய் வந்தது. ஜெயப்ரியா அடக்கிக்கொண்டாள். மறுபடியும் இரும்புலியூர், மறுபடியும் அதே லாரி. பிறகு வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. பொத்தேரி போய்ச் சேர்ந்தபோது இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

சரோஜினி கல்லூரிப் பெண்களுக்கான ஹாஸ்டல் நடத்துகிறவள். நீலப் பொட்டலம் என்றதும் அவளும் ஆரம்பித்தாள்: "அதை நான் தைக்கக்..."

"அந்த டெய்லர் பேரும் லாசரஸா மேடம்?" என்றான் லோகு.

சரோஜினியின் முகம் இறுகியது. வெட்கமில்லை, கோபம். "கொடுத்துட்டேன். யாருக்குன்னு கேக்காதீங்க."

"ஒரு அப்பாவிப் பொம்பளை மேல சாயங்காலம் கேஸ் போடப்போறாங்கம்மா."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? நல்ல மனசோட வெச்சுக் கொடுத்தேன். வாங்கினவங்க பொட்டலத்தை ஒரு பார்வை பார்த்தாங்க, அப்படியே எழுந்து போயிட்டாங்க. அன்னிக்கு அறுந்ததுதான் எங்க சிநேகம். அந்தப் பேரை என் வாயால சொல்ல மாட்டேன்."

அதற்குமேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒதுங்கியபோது ஜெயப்ரியாவுக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. ஒரு நாள் முழுக்க அலைந்து கண்டுபிடித்தது என்ன? தென் சென்னையில் யாரும் ரவிக்கைத் துணியைத் தைப்பதில்லை. இதற்குத் துப்பறிவாளர் எதற்கு?

"பேஜாரா போச்சு மேடம்" என்றான் லோகு, பன்னை டீயில் முக்கிக்கொண்டே. "கொலைகாரன்கூட இந்நேரம் ஒத்துக்கினு இருப்பான். ஆனா ஒண்ணு புரியல. பொட்டலத்தைப் பிரிக்கவே இல்ல. உள்ள இன்னா கீதுன்னே தெரியாது. காயிதத்தைப் பாத்து யாரு கோச்சுப்பா?"

ஜெயப்ரியா டம்ளரை மெல்லக் கீழே வைத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"காயிதத்தைப் பாத்து யாரு கோச்சுப்பான்னேன்."

"அந்தக் காகிதம் யாருதோ, அவங்க கோச்சுப்பாங்க. இந்தப் பக்கத்துல நவராத்திரிக்கு நீலக் காகிதத்துல சுத்திக் கொடுத்த வீடு ஒண்ணே ஒண்ணுதான். எந்த தேசத்திலேயோ எவனோ நீல அங்கி போட்டுச் சண்டை போட்டான்னு சுத்தினாங்க. தான் கொடுத்ததே தனக்குத் திரும்பி வந்தா எப்படி இருக்கும்? பிரெஞ்சு ராஜா கதைதான் லோகு. மகன் போகாத வீட்டுக்கு மகள் போய்ச் சேர்ந்த மாதிரி, சுத்திச் சுத்தி அதே வீட்டுக்குப் போயிருக்கு."

அவர்கள் சேலையூர் திரும்பும்போது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. காந்தா அதே கேட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் வேடிக்கை பார்க்கச் சேர்ந்திருந்தார்கள். அபிதகுஜாம்பாள் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தயாராகப் படியில் நின்றாள்.

"மாமி, பொத்தேரி சரோஜினி உங்களுக்கு என்ன வெச்சுக் கொடுத்தாங்க?"

மாமியின் முகம் செத்துப்போனது. மருமகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா?"

"அவமானம்டி" என்றாள் அபிதகுஜாம்பாள், குரல் உடைந்து. "நாம சுத்தின காகிதம், நாம கட்டின நூல். என் முகத்துக்கு நேரேயே நீட்டினா. நாம ஆசையாக் கொடுத்ததை அவ பிரிச்சுக்கூடப் பார்க்கலைன்னு ஆயிடுத்தே. இதை யார்கிட்டன்னு சொல்லிக்கறது?"

"அது அவங்களுக்கு நீங்க கொடுத்தது இல்ல. டீச்சருக்குக் கொடுத்தது. அந்தப் பொட்டலம் இப்போ எங்க, மாமி?"

"வீட்டுக்கு வந்தேன். கண்ணுலயே வெச்சுக்கப் பிடிக்கல. எதிர்ல இவ நின்னுண்டிருந்தா. இவகிட்ட..." பேச்சு பாதியில் நின்றது. மாமியின் கண்கள் மெதுவாக கேட்டுப் பக்கம் திரும்பின. அடுத்த நொடி குரல் எகிறியது. "அப்போ இவ வீட்டுலதானே இருக்கு! நான் அப்பவே சொன்னேனா இல்லையா? முக்காடு இவகிட்டதான் இருக்கு!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஜெயப்ரியா குறுக்கே வந்து நின்றாள். காப்பாற்ற வேண்டியவளை நாளெல்லாம் அலைந்து தன் கையாலேயே மாட்டிவிட்டோமே. "இருக்கலாம் மாமி. ஆனா அவங்க எடுக்கல. நீங்க கொடுத்தீங்க."

"கொடுத்தா பிரிச்சுப் பார்த்திருப்பாளே! லேஸைப் பார்த்ததும் கொண்டுவந்து தரவேண்டாமா? பேசாம வெச்சுண்டா அதுக்குப் பேர் என்ன?"

"நான் பிரிக்கலம்மா" என்றாள் காந்தா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"விஜயதசமி அன்னிக்கு நீ அதைக் கைல குடுக்கல. இந்தா, எடுத்துகினு போன்னு வீசி எறிஞ்ச. பொறுக்கி எடுத்துகினு போனேன். பிரிக்க மனசு வர்ல. அப்டியே வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலைல இந்தம்மா எனக்கோசரம் வந்து நின்னாங்க. அவங்களுக்கு வெச்சுக் குடுக்க எங்கிட்ட வேற இன்னா கீது? எங்கிட்ட இருந்ததுலயே புதுசு அதான். அதோட வெத்தல பாக்கு வெச்சு அவங்ககிட்டயே குடுத்துட்டேன்."

லோகு ஜெயப்ரியாவைப் பார்த்தான். பிறகு ஸ்கூட்டியைப் பார்த்தான்.

ஜெயப்ரியா சாவியைப் போட்டுத் திறந்தாள். சீட்டுக்கு அடியில் மஞ்சப்பை. வெற்றிலை வாடியிருந்தது. வெற்றிலைக்குக் கீழே பாலிதீன் கவர், அதற்குள் நீலப் பொட்டலம். கூடையில் பார்த்த புது நீலம் இல்லை, பழசாகி வெளுத்த நீலம். பீர்க்கன்கரணைக்கு வந்தது. லாசரஸ் கடை வாசலில் நின்றது. பொத்தேரிக்குப் போய் மழையில் நனையாமல் திரும்பியிருக்கிறது. டீச்சர் காபி கொடுத்தபோது, இந்தப் பையை இவளுக்கே கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்று அவள் ஒரு கணம் நினைத்ததும் உண்டு. டீச்சரின் மாடி வீட்டிலிருந்து வண்டி வரை கீழே இறங்க அலுத்துக்கொண்டுதான் கொடுக்கவில்லை. அந்தச் சோம்பல் மட்டும் இல்லாவிட்டால் என்ற நினைப்பிலேயே அவளுக்கு வியர்த்தது.

ஸ்ம்ருதி பொட்டலத்தைப் பிரித்தாள். பனிபோல மெல்லிய பின்னல் அவள் விரல்களின் மேல் விரிந்தது. ஒரு இழைகூடக் கெடவில்லை. அவள் அதை முகத்தோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

"திருடினவங்க யாராவது, திருடின பொருளைத் துப்பறிய வந்தவகிட்டயே வெத்தலை பாக்கோட கொடுப்பாங்களா மாமி?" என்றாள் ஜெயப்ரியா. எவ்வளவோ கோபமாகச் சொல்ல நினைத்த வார்த்தைகள், தன் பங்கும் அதில் இருந்ததால் மெதுவாகத்தான் வந்தன. "நாலு பேர் கை மாறியிருக்கு. என்னையும் சேர்த்து அஞ்சு. ஒருத்தர்கூடப் பிரிச்சுப் பார்க்கல. அதுல ஒருத்திக்கு மட்டும் திருடின்னு பேர்."

அபிதகுஜாம்பாள் உள்ளே போனாள். அவள் திரும்பி வந்தபோது கையில் வெள்ளித் தட்டு இருந்தது. குங்குமம், மஞ்சள், வெற்றிலை, மேலே கூடையிலிருந்து எடுத்த ஒரு நீலப் பொட்டலம். அத்தனை பேர் பார்க்க, படியிறங்கி, கேட்டைத் தானே திறந்து, தெருவுக்கே வந்தாள்.

"தப்பு என்மேலதான் காந்தா. மனசுல வெச்சுக்காதே. நாளைக்கு வேலைக்கு வா. இந்தா, வாங்கிக்கோ."

காந்தா குங்குமத்தைத் தொட்டு வைத்துக்கொண்டாள். பொட்டலத்துக்குக் கை நீட்டவில்லை. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"பிரிச்சுக் காட்டிட்டுக் குடும்மா" என்றாள். "உள்ள இன்னா கீதுன்னு இந்தத் தெரு மொத்தமும் பாக்கட்டும். நாளைக்கு இன்னொண்ணு காணோம்னு நீ தேடக் கூடாது பாரு."

அபிதகுஜாம்பாள் தட்டை மருமகள் கையில் கொடுத்தாள். கொலுவுக்காகத் தானும் சேர்ந்து கட்டிய அந்த நூல் முடிச்சை, நடுத்தெருவில் நின்று அவிழ்க்க ஆரம்பித்தாள்.